பிடிபடுவோம் என்ற எண்ணம் வேண்டும்

(விழுப்புரத்தில் கல்லூரி மாணவர்களும் வாகன ஓட்டுநர்களும் வணிகர்களும் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாலை விபத்துகளைப் பற்றிப் பேச விழுப்புரத்தை விடப் பொருத்தமான ஊர் இல்லை. சென்னையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் போகிற வண்டிகள் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. புதுச்சேரிக்கும் கும்பகோணத்துக்கும் சாலை இந்த வட்டாரத்தில்தான் பிரிகிறது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நெடுஞ்சாலையை ஒட்டியே நிற்கிறது. நடுச்சாமத்தில் 108 வண்டியின் சைரன் கேட்டால், "ரோட்டுல யாரோ அடிபட்டுட்டாங்க போல" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுக்கப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தைத்தான் இன்று கேள்வி கேட்க வந்திருக்கிறேன்.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் விபத்துக் கணக்கை வெளியிடுகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மணிக்கு 19 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள். உயிரிழப்பில் இரண்டாம் இடம்: 17,884 பேர். நமக்கு முன்னால் இருந்தது உத்தரப் பிரதேசம் மட்டும்தான். அதன் மக்கள்தொகை நம்முடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

படிப்பில், மருத்துவத்தில், தொழிலில் முன்னால் நிற்கும் மாநிலம் இது. நம் சாலைகளும் மோசமானவை அல்ல. வடக்கே போய்வந்த லாரி ஓட்டுநர்களைக் கேட்டால் தமிழ்நாட்டு ரோட்டை மெச்சித்தான் பேசுவார்கள். பிறகு ஏன் நாளொன்றுக்கு சுமார் 49 பேரைச் சாகக் கொடுக்கிறோம்?

நல்ல சாலை போட்டோம். அந்தச் சாலையில் நல்லபடியாக ஓட்டவைக்கும் ஏற்பாட்டைச் செய்யவில்லை. நான் சொல்ல வந்தது சுருக்கமாக இவ்வளவுதான். விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வேகம். அதே 2022 கணக்கில், இறந்தவர்களில் 71 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் சாவுக்குக் காரணம் அதிவேகம் என்று பதிவாகியிருக்கிறது. இதில் ஒரு குறையும் உண்டு. முதல் தகவல் அறிக்கையில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று எழுதிவிட்டால், சாலை வளைவு சரியா, விளக்கு எரிந்ததா, டயர் தேய்ந்திருந்ததா என்று தேடவேண்டிய வேலை மிச்சம். ஆகவே அந்த 71 சதவீதத்தை அப்படியே நம்பவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேகம் என்ன செய்யும் என்பதற்கு எந்த அறிக்கையும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியலே போதும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஒரு மாடு வருகிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள்ளேயே வண்டி 42 மீட்டர் ஓடிவிடுகிறது. அதன் பிறகு நல்ல டயர், உலர்ந்த சாலை என்றாலும் நிற்க இன்னும் 50 மீட்டருக்கு மேல் வேண்டும். அதே இடத்தில், அதே மாட்டைப் பார்த்த இன்னொரு கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால், மொத்தம் சுமார் 45 மீட்டரில் நின்றுவிட்டிருக்கும். அந்த 45ஆவது மீட்டரில் முதல் காரின் வேகம் என்ன தெரியுமா? அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கியிருக்கும். வேகம் இன்னும் 95க்கு மேல்தான். ஒருவர் நின்ற இடத்தில் இன்னொருவர் ஏறக்குறைய முழு வேகத்தில் மோதுகிறார். "என் கன்ட்ரோலில்தான் வண்டி இருந்தது" என்று சொல்வோரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அந்த 42 மீட்டர் தூரத்துக்கு வண்டி யாருடைய கன்ட்ரோலிலும் இல்லை.

இவ்வளவு ஆபத்தையும் விலைகொடுத்து வாங்கி மிச்சப்படுத்துவது எவ்வளவு நேரம்? இங்கிருந்து சென்னை சுமார் 160 கிலோமீட்டர். 80இல் சீராகப் போனால் இரண்டு மணி நேரம். வழியெல்லாம் 100இல் விரட்டினால் 24 நிமிடம் முன்னதாகப் போகலாம். அந்த 24 நிமிடத்தையும் தாம்பரத்தில் நிற்கும் நெரிசல் விழுங்கிவிடும்.

வேகமாகப் போகிறவர் தன்னை மட்டும் பணயம் வைக்கிறார் என்றால் இவ்வளவு பேசவேண்டியதில்லை. 2022இல் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 19.5 சதவீதம் பேர் நடந்து போனவர்கள். நான்குவழிச் சாலை வந்தபோது எத்தனையோ ஊர்கள் இரண்டாகப் பிளந்தன. வீடு ஒரு பக்கம், வயல் இன்னொரு பக்கம். பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், ரேஷன் கடை அந்தப் பக்கம். சென்டர் மீடியனின் இடைவெளியில், தலையில் புல்லுக்கட்டோடு, வருகிற வண்டியின் வேகத்தைக் கண்ணாலேயே அளந்தபடி நிற்கும் பெண்ணை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 60இல் வரும் வண்டியை அவர் சரியாகக் கணிப்பார். ஆயுள் முழுக்க அப்படிக் கணித்தே சாலையைக் கடந்தவர். 120இல் வரும் வண்டியை அவரால் கணிக்க முடியாது. அந்த வேகம் அவருக்குத் தெரிந்த உலகத்தில் இல்லை. "குறுக்கே வந்துட்டாங்க" என்று காரிலிருந்து இறங்குகிறவர் சொல்கிறார். ஐயா, அந்த ஊருக்குக் குறுக்கே வந்தது சாலைதான்.

அடுத்து, நின்றுபோன வண்டிகளின் ஆபத்து. ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2023 செப்டம்பர் 11, விடியாத நேரம். திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுலா வேன் பஞ்சராகி நின்றது. கர்நாடகத்துக்குச் சுற்றுலா போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். வேனில் இருந்த பெண்கள் இறங்கிச் சாலை நடுவே மீடியனில் உட்கார்ந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி நின்ற வேனில் மோத, வேன் அவர்கள் மேல் விழுந்தது. ஏழு பெண்கள் இறந்தார்கள்.

இந்த விபத்தைக் கேட்டதும் "மீடியனில் போய் ஏன் உட்கார்ந்தார்கள்" என்று கேட்டவர்கள் உண்டு. சரி, வேறு எங்கே உட்காருவது? பழுதான வண்டியை ஒதுக்கி நிறுத்தும் இடத்தில் எத்தனை லாரிகள் நிரந்தரமாக நிற்கின்றன என்று இரவில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பின்விளக்கு எரியாத லாரி. பின்னால் ஒட்டவேண்டிய சிவப்பு ரிப்ளெக்டர் இருக்காது, இருந்தாலும் சேறு மூடியிருக்கும். வண்டி பழுதானால் முக்கோண எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும். நம் சாலையில் என்ன வைக்கிறார்கள்? நாலு கருங்கல்லும் ஒரு மரக்கிளையும். ரிப்பேர் முடிந்ததும் வண்டி போய்விடும். கல் அங்கேயே கிடக்கும். அடுத்து பைக்கில் வருகிறவர் அந்தக் கல்லில் ஏறிச் சாவார். ரோந்து வண்டி அந்த வழியாக ஒழுங்காகப் போய்வந்தால் அந்தக் கல் ஒரு மணி நேரம்கூடக் கிடக்காது.

தொப்பூர்க் கணவாய் இன்னொரு பாடம். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது நீண்ட இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் சில, டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குகின்றன. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடுகிறது. முழுப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. மிதிக்க மிதிக்க பிரேக் சூடேறி, கடைசியில் பிடிக்காமலே போகிறது. அந்த இறக்கத்தில் உள்ள இரட்டைப் பாலத்துக்கு வரும்போது ஓட்டுநர் கையில் எதுவும் இல்லை. 2024 ஜனவரியில் அங்கே ஒரு லாரி முன்னே சென்ற வண்டிகள் மேல் மோதி நாலு பேர் இறந்தனர். இப்போது அங்கே உயர்மட்டச் சாலை கட்டப் பல நூறு கோடி ரூபாய்த் திட்டம். கட்டட்டும், வேண்டியதுதான். ஆனால் இறக்கத்தின் தலைப்பில் ஒவ்வொரு பார வண்டியையும் நிறுத்தி, எடையும் பிரேக்கும் பார்த்து, கியரில் இறக்கிவிட இரவும் பகலும் ஆட்களை நிறுத்த எத்தனை கோடி வேண்டும்?

ஓட்டுநர் தோழர்களே, உங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் இடையில் அரைமணி ஓய்வு கொடுக்கச் சொன்னது. இந்த அரங்கில் அந்த எட்டு மணி நேரத்தைக் கண்ணால் பார்த்தவர் யாராவது உண்டா? ட்ரிப் கணக்கில் படி. மார்க்கெட்டுக்குக் காய்கறி விடிவதற்குள் போய்ச் சேரவேண்டும். செல்போனில் ஓனர், "எங்கே வந்திருக்கே, ஏன் லேட்டு" என்று துளைக்கிறார். தூங்காமல் ஓட்டுகிறவர் தன் ஆசைக்கு ஓட்டவில்லை. அவரை அப்படி ஓட்டவைத்து லாபம் பார்க்கிறவர், விபத்து நடந்தால் பெரும்பாலும் குற்ற வழக்கில் வருவதில்லை. ஓட்டுநர்தான் சிறைக்குப் போகிறார். நல்லபடியாக ஓட்டவைக்கும் ஏற்பாடு என்று நான் சொல்வதில் வண்டி முதலாளியின் கணக்கு நோட்டும் அடக்கம்.

சரி, சட்டம் இல்லையா? நிறைய இருக்கிறது. அதில் சில ஒரு தமிழரின் முயற்சியால் வந்தவை. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், தன் மேசைக்கு வரும் உடைந்த உடல்களைத் தைத்துத் தைத்து ஓய்ந்து போகாமல், 2012இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அந்த வழக்கில் 2014இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அதிவேகம், சிக்னல் மீறல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது செல்போன், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்று 2015இலேயே அந்தக் குழு மாநிலங்களுக்குச் சொன்னது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு அபராதங்கள் பல மடங்கு உயர்ந்தன. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய். அதே திருத்தத்தில் வந்த 136ஏ பிரிவு, நெடுஞ்சாலைகளில் மின்னணுக் கண்காணிப்பு வைக்கும் பொறுப்பை மாநில அரசின் மேல் சுமத்துகிறது. அதற்கான விதி 2021இல் வந்தது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செயல்படுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு மறுபடியும் ஆணையிட்டது. ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்துங்கள் என்று சொல்ல உச்ச நீதிமன்றம் வேண்டியிருக்கிறது!

வேக வரம்பின் கதையும் இப்படித்தான். நான்குவழிச் சாலையில் கார்கள் 100 வரை போகலாம், விரைவுச் சாலையில் 120 வரை போகலாம் என்று 2018இல் ஒன்றிய அரசு வரம்பை உயர்த்தியது. விபத்தில் படுகாயமுற்ற ஒரு பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. முக்கியமான தீர்ப்பு. ஆனால் அறிவிப்பு வந்தபோதும், அது ரத்தானபோதும், செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே யாருடைய கால் ஆக்சிலரேட்டரில் ஏறியது, யாருடைய கால் இறங்கியது? வரம்பு எவ்வளவு என்பதே ஓட்டுகிறவருக்கு ஒரு பொருட்டில்லை. ஏனென்றால் அதைக் கேட்க ஆள் இல்லை.

ஆள் இருக்கிற இடத்தைப் பார்ப்போம். ஊர் எல்லையில் பேரிகார்டு போட்டு, ஹெல்மெட் இல்லாத பைக்கை மடக்குகிறார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். 2022இல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,000க்கு மேல். அந்தச் சோதனை வேண்டும். ஆனால் அங்கே நிற்கிற வண்டியைத்தான் பிடிக்க முடிகிறது. 130இல் பறக்கிற கார், வலது லேனை அடைத்துக்கொண்டு ஊர்கிற டிப்பர், பெட்ரோல் பங்கிலிருந்து ராங் சைடில் வருகிற டிராக்டர், கண்ணைக் குத்தும் விளக்கைக் கூடுதலாக மாட்டிய ஆம்னி பஸ், இவர்களை யார் பிடிப்பது? இரவு பதினொன்றுக்குப் பிறகு பேரிகார்டு இருக்கிறது, ஆள் இல்லை.

அபராதத்தை உயர்த்தினால் பயம் வரும் என்று அரசுகள் நம்புகின்றன. மனித இயல்பு அப்படி இல்லை. பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்றாலும் ஆயிரத்தில் ஒருமுறைகூட மாட்டமாட்டோம் என்று தெரிந்தால் யாருக்கும் பயம் இல்லை. ஆயிரம் ரூபாய்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் மாட்டுவோம் என்றால் அடுத்த வாரமே கால் தானாக இறங்கும். இதற்குச் சான்று வேண்டுமா? இருவழிச் சாலையில் போலீஸ் நின்றால் எதிரே வருகிறவர் லைட்டை அடித்துக் காட்டுவார். உடனே எல்லோரும் வேகத்தைக் குறைப்பார்கள், பெல்ட்டை மாட்டுவார்கள், போனைக் கீழே வைப்பார்கள். போலீஸைத் தாண்டியதும் பழையபடிதான். நமக்கு ஒழுங்காக ஓட்டத் தெரியாமல் இல்லை. பிடிபடுவோம் என்ற எண்ணம் இருக்கும் அரை கிலோமீட்டருக்கு மட்டும் அருமையாக ஓட்டுகிறோம். அந்த அரை கிலோமீட்டரைக் கன்னியாகுமரி வரை நீட்டவேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான்.

அதை மனிதர்களை வைத்து மட்டும் செய்ய முடியாது. சாலை நெடுக நிறுத்தப் போலீஸ் இல்லை. நின்றாலும், போன் போட்டு "சார், நம்ம ஆள்தான், விட்டுடுங்க" என்பதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கேமராவுக்குப் போன் போட முடியாது. அண்டை மாநிலமான கேரளம் 726 கேமராக்களைக் கொண்ட திட்டத்தின் மூலம் 2023 ஜூனில் சாலைகளில் அபராதம் போடத் தொடங்கியது. அங்கே எதிர்ப்பு வந்தது, வழக்கு வந்தது; ஆனாலும் செய்தார்கள். நம்மிடம் இன்னும் எளிய கருவி ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து கிட்டத்தட்ட எல்லாக் கார்களும் லாரிகளும் பாஸ்டேக் ஒட்டியே டோல்கேட்டைக் கடக்கின்றன. பரனூர் டோல்கேட்டை எந்த நிமிடத்தில் தாண்டினோம், ஆத்தூர் டோல்கேட்டை எந்த நிமிடத்தில் தாண்டினோம் என்பது கணினியில் பதிவாகிறது. இரண்டு டோல்கேட்டுக்கு நடுவே 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நிமிடத்தில் கடந்தவர் 120இல் வந்திருக்கிறார். இதற்குச் சாட்சி வேண்டாம். கேமராவைக் கண்ட இடத்தில் மட்டும் பிரேக் அடித்துத் தப்பும் வித்தையும் இங்கே பலிக்காது. இத்தாலி இப்படிச் சராசரி வேகத்தை அளந்து அபராதம் போடுவதை 2005இலேயே தொடங்கிவிட்டது. கட்டணம் பிடிக்க நொடி பிசகாமல் வேலை செய்கிற கருவி, உயிரைக் காக்க மட்டும் ஏன் வேலை செய்யக்கூடாது?

"இதெல்லாம் மக்களிடம் பணம் பறிக்கும் வழி" என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. அதனால் வழியும் சொல்லவேண்டும். எந்த இடத்தில் வேகம் அளக்கப்படுகிறது என்று பெரிய பலகை வைத்து முன்கூட்டியே அறிவியுங்கள். அபராதப் பணம் எவ்வளவு வந்தது, எந்தச் சாலையைச் செப்பனிட்டது என்று மாவட்டவாரியாக வெளியிடுங்கள். தவறாக வந்த சலானை எதிர்த்து முறையிட எளிய வழி வையுங்கள். மறுபுறம், சலானைக் கட்டாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவரின் லைசென்ஸை நிறுத்துங்கள். கட்டாத சலானால் எதுவும் நடக்காது என்றால் கேமராவும் பொம்மைதான்.

மனுநீதிச் சோழன் கதையை இந்த மண்ணின் ஒவ்வொரு பிள்ளையும் கேட்டு வளர்ந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும் அவனுக்குச் சிலை வைத்திருக்கிறோம். அந்தக் கதையில் அரசன் தன் மகனையே தண்டித்தான் என்பதைத்தான் மேடைகளில் உருகிச் சொல்வோம். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது அந்த மணி. ஒரு பசு இழுத்தாலும் அடிக்கிற மணி. சிபாரிசு கேட்காது, ஆள் பார்க்காது. இளவரசன் வேண்டுமென்று கன்றைக் கொல்லவில்லை. கன்று தானே அவன் தேர்ச் சக்கரத்தில் பாய்ந்தது. அப்படியும், தெருவில் ஓர் உயிர் போனால் ஆட்சி பதில் சொல்லவேண்டும் என்று அந்தக் கதை சொல்கிறது. நம் சாலையில் ஆண்டுக்குப் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட முறை அந்த மணியை இழுக்கிறார்கள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. எந்த மாநிலத்தவர் என்று பார்க்காமல் சிகிச்சை தருகிறது. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவரைச் சாட்சிக்கு அலைக்கழிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. இவை பெருமைக்குரியவை. ஆனால் இவையெல்லாம் அடிபட்ட பிறகு. அடிபடாமல் காக்கும் பாதிதான் நம்மிடம் காலியாகக் கிடக்கிறது.

ஆகவே, உங்களிடம் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். வணிகப் பெருமக்களே, சரக்கு நேரத்துக்கு வரவில்லை என்று ஓட்டுநரின் படியைப் பிடிப்பதை நிறுத்துங்கள். ஓட்டுநர் தோழர்களே, உங்கள் சங்கம் அடுத்த முறை கூடும்போது, டீசல் விலையோடு சேர்த்து எட்டு மணி நேர வேலையையும் கோரிக்கையில் எழுதுங்கள். மாணவர்களே, நீங்கள் ஏறிய வண்டியின் ஓட்டுநர் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால், "அண்ணே, போனை வச்சிட்டு ஓட்டுங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் பஸ் முழுக்கச் சொல்லும். ஊர்ப் பெரியவர்களே, அடுத்த கிராம சபையில், உங்கள் ஊர் எல்லைக்குள் நெடுஞ்சாலையில் கடந்த ஆண்டு எத்தனை பேர் இறந்தார்கள், எந்த இடத்தில் இறந்தார்கள், அதன் பிறகு அந்த இடத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டுத் தீர்மானம் போடுங்கள். இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு ஊராட்சியும் அந்தத் தீர்மானத்தை ஆட்சியருக்கு அனுப்பினால், அதைக் கோப்பில் வைத்து மூட முடியாது.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை போடச் சொல்லிக் கேட்டோம், போட்டார்கள். இனி, அந்தச் சாலையில் சட்டத்தைப் போடச் சொல்லிக் கேட்போம்.